யார் கையில் மரபு: ஸ்வீடனின் ஆடை, ஆட்டம், பருவ விழா

ஸ்வீடனில் நடுக்கோடை விழா அன்று, பூவும் இலையும் சுற்றிய உயரமான கம்பத்தைச் சுற்றி வட்டமாகக் கூடி, பேரக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் தவளைபோலத் தாவித் தாவி ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. 'சின்னத் தவளைகள்' என்பது அதன் பாட்டு. அதை ஆடத் தெரியாத ஸ்வீடன்காரரைக் காண்பது அரிது. அந்தப் பாட்டின் மெட்டோ நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படைவீரர்கள் பாடிய நடைப்பாட்டிலிருந்து வந்தது. அவர்கள் பாடியது வெங்காயத்தின் சுவையைப் பற்றி. ஸ்வீடனின் ஊர்களில் இந்த ஆட்டம் பரவியதற்கு நேஸ் என்ற ஊரும் ஒரு முக்கியக் காரணம். மேற்கு ஸ்வீடனிலுள்ள அந்த ஊரின் பயிற்சிப் பள்ளியில் கோடை வகுப்பு முடித்துச் சென்ற ஆசிரியர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் இதுபோன்ற பாட்டாட்டங்களை நாடெங்கும் கொண்டுசென்றார்கள்.

நாட்டார் மரபு என்றதும், யாரும் உருவாக்காமல் தானாக விளைந்து, தலைமுறைகளாக அறுபடாமல் வந்த ஒன்றையே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்வீடனின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. அங்கே இன்று மரபு என்று போற்றப்படும் ஆடைகளிலும் ஆட்டங்களிலும் பெரும்பகுதி, ஏறத்தாழ அறுந்துபோன நிலையில், 1870க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலத்தில், பெயரும் ஊரும் தெரிந்த சில மனிதர்கள் திரட்டி, தேர்ந்தெடுத்து, திருத்தி, மக்களிடம் திருப்பித் தந்தவை. இதைச் சொல்லி அவற்றைப் போலி என்று தள்ளுவது என் நோக்கமல்ல. திருப்பித் தந்தபோது அவை யார் கையில் போய்ச் சேர்ந்தன என்பதுதான் அவற்றின் பிற்கால உயிர்ப்பைத் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன். ஆடை வல்லுநர்களிடம் போயிற்று. ஆட்டம் மேடைக்குப் போயிற்று. பருவ விழா ஊராரிடமே தங்கிவிட்டது.

அறுந்த கதையை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்வீடன் ஏழை வேளாண் நாடு. 1827இல் வந்த நிலப் பங்கீட்டுச் சட்டம் நெருங்கி அமைந்திருந்த கிராமங்களைக் கலைத்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்ததால், குடியானவர்கள் பலர் வீட்டைப் பிரித்து எடுத்துப்போய்த் தம் நிலத்தின் நடுவே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. விளைச்சல் கூடியது, அண்டை வீடு தொலைவாயிற்று, சாயங்காலம் கூடி ஆடிய பொதுவெளி இல்லாமல் போயிற்று. பிறகு வறட்சியும் பஞ்சமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930 வரை சுமார் 13 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சில்யான் ஏரியைச் சுற்றியுள்ள மேல் டாலர்னா பகுதியில் கிராமங்கள் பெரும்பாலும் கலையாமல் நின்றன. பழைய ஆடையும் ஆட்டமும் அங்கே நெடுநாள் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு காரணம்.

மதத்தின் பங்கும் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் பரவிய பக்தி எழுச்சியில், வீட்டில் கூடி வேதம் வாசித்தவர்கள் ஆட்டத்தையும் குடியையும் ஒன்றாகவே பார்த்தார்கள். பிடில் சாத்தானின் கருவி என்றார்கள். பிடிலை உடைத்தார்கள், எரித்தார்கள். 1706இல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்குவை அனுப்பிவைத்த ஜெர்மானியப் பக்திநெறியின் தூரத்து உறவுதான் இந்த எழுச்சியும். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கும் பள்ளிக்கும் வழிசெய்த அதே உள்முகப் பக்தி, வடக்கே யெம்ட்லாண்டின் மலையூர்களில் பிடிலின் நரம்புகளை அறுத்தது. அங்கே லாப்-நில்ஸ் (1804–1870) என்று அழைக்கப்பட்ட பெரும் பிடில் கலைஞர், பிற்காலத்தில் இரட்சிப்புப் பெற்றதாக உணர்ந்து வாசிப்பதைக் கைவிட்டார் என்று அப்பகுதியில் சொல்வார்கள். அவர் பெயரில் வழங்கும் மெட்டுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஹெல்சிங்லாண்டின் ஹோர்கா மலையைப் பற்றிய கதையும் இந்த அச்சத்தின் குரல்தான். பிடிலோடு வந்த அந்நியன் ஒருவன் வாசிக்க வாசிக்க, ஊர் இளைஞர்கள் நிறுத்த முடியாமல் ஆடியபடியே மலையுச்சிக்குப் போய், எலும்பாகும் வரை ஆடித் தேய்ந்தார்களாம். வந்தவன் யார் என்பதைக் காலைப் பார்த்தபோதுதான் அறிந்தார்கள்: அங்கே குளம்பு இருந்தது.

இந்த நிலையில்தான் 1872ஆம் ஆண்டுக் கோடையில் ஆர்தூர் ஹசேலியுஸ் டாலர்னாவுக்குப் போகிறார். தொழிலால் மொழியறிஞர். ஊர் மக்கள் தங்கள் ஆடைகளைக் கழற்றி எறிவதைக் கண்டு பதறிய அவர், ஸ்தூரா தூனா என்ற தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு கம்பளிப் பாவாடையை வாங்கினார். அதுவே அவருடைய தொகுப்பின் முதல் பொருள். அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் காட்சிக்கூடம் திறந்தார். அது வளர்ந்து நோர்டிஸ்கா அருங்காட்சியகமாயிற்று. 1891இல் அவர் தொடங்கிய ஸ்கான்சென் உலகின் முதல் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒன்று. நாட்டின் பல மூலைகளிலிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் நிறுத்தினார். வீட்டைச் சுற்றிக் காட்ட டாலர்னாப் பெண்களை அவர்களுடைய பங்கு ஆடையிலேயே அமர்த்தினார். பிடிலையும் ஆட்டத்தையும் பருவ விழாக்களையும் அங்கேயே நடத்தினார். அவர் செய்த நன்மையை அளவிட முடியாது. ஆனால் தலைநகர் மக்கள் தம் நாட்டின் குடியானவர் வாழ்வைப் பார்வையாளராக நின்று பார்க்கப் பழகியதும் அங்கேதான்.

ஆடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் பழைய குடியானவர் ஆடைக்கு அலகு நாடுமல்ல, மாநிலமுமல்ல, தேவாலயப் பங்கு. ஞாயிறுதோறும் ஊர் மொத்தமும் கூடும் ஒரே இடம் தேவாலயம். அங்கே யார் எந்தப் பங்கு, மணமானவரா ஆகாதவரா, துக்கத்தில் இருக்கிறாரா என்பதையெல்லாம் உடுப்பே சொல்லிவிடும். மணமான பெண் தலைமுடியை வெள்ளைத் துணித் தொப்பியால் மறைப்பாள். இடுப்பில் பூவேலை செய்த பை ஒன்று தொங்கும். பாவாடைக்குப் பையில்லாத காலத்தின் ஏற்பாடு அது. லேக்சாண்ட் பங்கில் இந்த ஒழுங்கு உச்சத்துக்குப் போயிற்று. திருவழிபாட்டு ஆண்டின் எந்த ஞாயிறுக்கு எந்த முன்றானை (பாவாடைமேல் முன்பக்கம் கட்டும் துணி), எந்தக் கழுத்துத் துணி என்று வகுத்த ஆடைப் பஞ்சாங்கமே அங்கே இருந்தது. சாதாரண ஞாயிறு, பெருநாள், தவக்காலம், துக்கம் என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இது எளிதாக இருந்திருக்காது. ஊராரின் கண் என்பது அன்புமாகும், காவலுமாகும்.

அண்டைப் பங்கான ரெட்விக்கில் குறுக்குக் கோடுகள் கொண்ட முன்றானைத் துண்டைத் தனியாகக் கட்டுவதில்லை, பாவாடையிலேயே இணைத்துவிட்டார்கள். தெற்கே ஸ்கோனேயில், 1658 வரை டென்மார்க்குக்கு உட்பட்டிருந்த செழிப்பான மண்ணில், பெண்கள் மார்பில் கனத்த வெள்ளி அணிந்தார்கள். சோடர்மன்லாண்டின் விங்கோக்கர் ஆடை பயணிகளின் ஓவியங்களால் பெயர் பெற்றது. டாலர்னாவின் ஃப்ளூடா பங்கில் பாவாடையிலும் பையிலும் கையுறையிலும் கம்பளி நூலால் ரோஜாக்களை அடர்த்தியாகத் தைப்பார்கள். இன்று ஸ்வீடனின் 'பழங்கால' அழகுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது பெரும்பாலும் அந்தப் பூவேலைதான். அந்தப் பளிச்சென்ற நிறங்கள் செழித்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொழிற்சாலைச் சாயம் தோய்த்த நூல் கடைக்கு வந்த பிறகு. ஆலை பல ஊர்களின் ஆடையை அழித்தது. ஃப்ளூடாவில் அதே ஆலையின் சரக்கை எடுத்து அந்தப் பெண்கள் தங்கள் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். மரபைப் பேசுவோர் இந்தப் பெண்களை இன்னும் அதிகம் நினைவுகூர வேண்டும்.

நாட்டுக்கு ஒரே ஆடை என்ற எண்ணம் அரசர்களுக்குப் பிடித்த ஒன்று. மூன்றாம் குஸ்தாவ் 1778இலேயே ஆடம்பரச் செலவைக் கட்டுப்படுத்த 'தேசிய உடை' ஒன்றை அறிமுகப்படுத்தினார். அது அரசவையோடு நின்றது. இன்று நீலப் பாவாடையும் மஞ்சள் முன்றானையுமாக நாம் காணும் 'ஸ்வீடன் உடை'க்கு வேறு தாய். மார்த்தா யோர்கன்சென் (1874–1967) என்ற இளம் பெண், அன்றைய இளவரசி விக்டோரியாவின் கோடை அரண்மனையான துல்கார்னில் தோட்டக்கலை பயின்றார். இளவரசியும் தோழியரும் அங்கே விங்கோக்கர், ஓஸ்டரோக்கர் பங்குகளின் ஆடையைத் தழுவிய உடுப்பை அணிவதைக் கண்டார். 1902–03இல் ஸ்வீடன் பெண்கள் எல்லோருக்குமான தேசிய உடை ஒன்றை வடிவமைத்து, அதற்கென ஒரு சங்கமும் தொடங்கினார். இறுக்கிப்பிடிக்கும் வெளிநாட்டு நவநாகரிகத்திலிருந்து பெண்ணின் உடலை விடுவிப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான எண்ணம். ஆனால் உடை பரவவில்லை. சில பத்தாண்டுகளில் மறந்தே போனது. 1970களில் தையற்கலைஞர் ஒருவர் அதைத் தேடி எடுத்து மீட்டார். 1983 ஜூன் 6 அன்று, அதுவரை ஸ்வீடன் கொடி நாளாக இருந்த அந்நாள் முதன்முறை தேசிய நாளானபோது, அரசி சில்வியா ஸ்கான்செனில் அதை உடுத்தி வந்தார். அன்றிலிருந்து அது 'காலங்காலமாக' வந்த தேசிய உடை.

இதற்கு இணையாக இன்னொரு வேலையும் நடந்தது. பழைய ஆடை எதுவும் எஞ்சாத ஊர்களிலும் மாநிலங்களிலும், சொத்துப் பட்டியலில் கிடைத்த ஒரு வரி, தேவாலயத்தில் தொங்கிய ஓர் ஓவியம், பெட்டியில் கிடந்த ஒரு ரவிக்கைத் துண்டு ஆகியவற்றிலிருந்து ஊர் ஆடைகளை மீட்டமைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இது நடந்தது. உழைப்பு நேர்மையானதுதான். விளைவாக ஒவ்வொரு ஆடைக்கும் ஒரு குழு, ஓர் அங்கீகரிக்கப்பட்ட மாதிரி, சரியான துணி, சரியான பொத்தான், சரியான காலணி என்று விதிகள் பெருகின. தவறாக உடுத்தியவரைத் திருத்துகிறவர்களை 'ஆடைப் போலீஸ்' என்று ஸ்வீடனிலேயே அழைக்கும் வழக்கம் வந்தது. லேக்சாண்டின் பழைய பஞ்சாங்கமும் விதிதான். ஆனால் அதை வகுத்தவர்களே அதை உடுத்தினார்கள், உடுத்தியவர்களே மாற்றினார்கள். ஃப்ளூடாப் பெண்கள் புதுச் சாய நூலை வாங்கியபோது அது சரியா என்று யாரையும் கேட்கவில்லை. வல்லுநர் கைக்குப் போன பிறகு ஆடை மாறும் உரிமையை இழந்தது. இதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

ஆட்டத்தின் கதை இதைவிடச் சிக்கலானது, நம்பிக்கை தருவதும் கூட.

ஸ்வீடன் நாட்டார் ஆட்டத்தின் நடுநாடி போல்ஸ்கா. பெயரே காட்டுவதுபோல் போலந்திலிருந்து வந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அரசவைக்கும் பிரபுக்கள் மாளிகைக்கும் வந்து அங்கிருந்து கிராமத்துக்கு இறங்கியது. தொடக்கத்தில் மெதுவாக நடந்து ஆடும் ஒரு பகுதியும் அதைத் தொடர்ந்து துள்ளலான மூன்றெண்ணிக்கைப் பகுதியும் இருந்தன. நாளடைவில் பின்பகுதியே தனித்து நின்றது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பற்றி, சில அடி நடந்து, பிறகு ஒரே மையத்தில் சுழல்வார்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு முழுச் சுற்று. நம் காதுக்குத் திஸ்ர நடைபோலத் தோன்றும். ஆனால் பல ஊர்களில் அந்த மூன்று எண்ணிக்கையும் சம நீளம் அல்ல. டாலர்னாவின் பூடா பங்கில் முதல் எண்ணிக்கை குறுகி, இரண்டாவது முந்திக்கொண்டு வரும். சுரக்குறிப்பில் இதை எழுத முடியாது. பிடில்காரரின் கால் தரையில் தட்டுவதைப் பார்த்தும், உடன் ஆடுகிறவரின் எடை நம் கைக்கு மாறுவதை உணர்ந்துமே கற்க முடியும். இன்னொரு வகை, இடம் விட்டு நகராமல் சிறு வெளியிலேயே சுழலும் ஸ்லெங்போல்ஸ்கா. தாழ்ந்த கூரையும் குறுகிய அறையும் கொண்ட வீட்டுக்கு ஏற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்ஸ், ஷோட்டிஸ் ஆட்டங்கள் வந்து போல்ஸ்காவை ஒதுக்கின. நூற்றாண்டின் பின்பாதியில் அக்கார்டியன் வந்து பிடிலை ஒதுக்கியது. போல்ஸ்காவின் கொடிவழியில் பிறந்து ஒழுங்குபட்ட ஹம்பு மட்டும் ஆட்டக் கொட்டகைகளில் இளைஞர்களிடம் நிலைத்தது.

இதற்கிடையில் தலைநகரின் அரச ஓபராவில் வேறொன்று நடந்திருந்தது. அங்கே பாலே ஆசிரியராக இருந்த ஆண்டர்ஸ் செலிந்தர் (1806–1874) நாட்டார் ஆட்டங்களின் சாயலில் மேடை ஆட்டங்களை அமைத்தார். ஓர் ஆண் இரு பெண்களோடு ஆடும் 'விங்கோக்கர் ஆட்டம்' அவர் பாலேயிலிருந்து வந்தது. டாலர்னாவின் பெயரில் ஆடப்படும் 'தால் ஆட்டமும்' அந்த மரபைச் சேர்ந்ததே. 1880இல் உப்சலா பல்கலைக்கழக மாணவர்கள் பிலோகோரஸ் என்ற நாட்டார் ஆட்டக் குழுவைத் தொடங்கினார்கள். நாட்டார் ஆட்டத்தைத் தேடிய அவர்கள் கிராமத்து முதியவர்களிடம் போகாமல், பெரும்பாலும் இந்த ஓபரா ஆட்டங்களையே எடுத்துக்கொண்டார்கள். மாநில ஆடைகள் அணிந்து, நாடு சுற்றி ஆடிக் காட்டினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. 1893இல் ஸ்டாக்ஹோமில் 'ஸ்வீடன் நாட்டார் ஆட்ட நண்பர்கள்' சங்கம் பிறந்தது. ஸ்கான்சென் மேடை அதற்கு வீடாயிற்று. 1920இல் நாடு தழுவிய இளைஞர் அமைப்பு ஒன்று உருவாகி, ஆட்ட விளக்கங்களை அச்சிட்டு எல்லாக் குழுக்களுக்கும் தந்தது. இப்படியாக, கிராமம் ஒருபோதும் ஆடியிராத ஓபரா ஆட்டம் கிராமத்து ஆட்டம் என்ற பெயரில் கிராமத்துக்கே கற்பிக்கப்பட்டது. எட்டுப் பேர், பன்னிரண்டு பேர், நேர்வரிசை, எண்ணி வைத்த அடி, பார்வையாளர் பக்கம் திரும்பிய முகம். அழகுதான். ஆனால் ஆடுகிறவர்கள் தமக்காக ஆடவில்லை.

இசை கொஞ்சம் நல்வாய்ப்புப் பெற்றது. ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் மூரா ஊர்க்காரர். டாலர்னாக் குடியானவப் பெண்ணின் மகன். 1897இல் அவர் தீட்டிய 'நடுக்கோடை ஆட்டம்' வடநாட்டின் இருளாத இரவில் சுழலும் இணைகளைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியம். 1906இல் மூராவுக்கு அருகே கெசுண்டாவில் பழைய மெட்டு வாசிக்கும் பிடில்காரர்களுக்கும் கொம்பு ஊதுவோருக்கும் ஒரு போட்டியை அவர் முன்னின்று நடத்தினார். அது நாடெங்கும் இதுபோன்ற கூடல்களைத் தூண்டியது. 1910இல் ஸ்கான்செனில் போட்டியில்லாத தேசியக் கூடல் நடந்தது. வந்தவர்களுக்கு சோர்ன் வடிவமைத்த சின்னம் வழங்கப்பட்டது. இன்றும் நடுவர் குழுவின் முன் வாசித்து வெள்ளிச் சின்னம் பெறுகிறவர் 'ரிக்ஸ்பெல்மன்', அதாவது நாட்டின் பிடில்காரர் என்ற பட்டத்துக்கு உரியவராகிறார். சோர்னின் நண்பரும் சட்டம் படித்தவருமான நில்ஸ் ஆண்டர்சன் ஊர் ஊராகப் போய் முதியவர்கள் வாசித்ததைக் கேட்டு எழுதினார். அந்த உழைப்பிலிருந்து 1922 முதல் 1940 வரை 'ஸ்வீடன் மெட்டுகள்' என்ற பெருந்தொகுதி வெளிவந்தது. சுமார் 8,000 மெட்டுகள். அவர் 1921இல் இறந்துவிட்டார். முதல் தொகுதியைக் கூட அவர் பார்க்கவில்லை. எந்த மெட்டு யாரிடம் கேட்டது, அவர் யாரிடம் கற்றார் என்பதைக் குறித்து வைத்ததுதான் இந்தத் தொகுதியின் அருமை. மெட்டு பெயரற்ற 'மக்களின்' படைப்பாக அல்லாமல், ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கொடுத்த சொத்தாகப் பதிவாயிற்று.

ஆட்டத்துக்கு அந்தப் பேறு கிடைக்க 1960களும் 70களும் வரவேண்டியிருந்தது. யெம்ட்லாண்டின் யோரான் கார்ல்ஹோல்ம், ஸ்டாக்ஹோமின் ஹென்றி ஷோபெரி போன்றவர்கள் மேடை ஆட்டக் கையேடுகளை மூடி வைத்துவிட்டு, போல்ஸ்கா ஆடிய கடைசித் தலைமுறையைத் தேடிப் போனார்கள். எண்பதைத் தாண்டிய கிழவர், கிழவியரை ஒரு சுற்று ஆடிக் காட்டச் சொன்னார்கள். ஆட முடியாதவர்களிடம் கேட்டறிந்தார்கள். ஒரே பெயர் கொண்ட போல்ஸ்கா பக்கத்துப் பக்கத்துப் பங்குகளில் வேறு வேறு பிடியோடும் வேறு வேறு அடியோடும் ஆடப்பட்டதை அவர்கள் கண்டார்கள். இன்னும் முக்கியமாக, ஒரே ஊரில் ஒவ்வொருவரும் தம் உடலுக்கேற்ப ஆடினார்கள் என்பதையும் கண்டார்கள். 'சரியான' அடி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஸ்வீடன் ஆட்டத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் கண்டறிந்தவற்றில் இதையே நான் தலையாயதாகக் கொள்வேன்.

காலமும் கூடிவந்தது. நகரத்து இளைஞர்கள் வணிக இசையில் சலித்து நாட்டார் இசைக்குத் திரும்பிய ஆண்டுகள் அவை. பிங்ஷோ என்ற ஊரில் 1969இல் தொடங்கிய பிடில் கூடலுக்கு ஜூலை முதல் புதன்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சின்னஞ்சிறு காட்டூருக்கு வந்தார்கள். அங்கே மேடையைவிட முற்றமே முக்கியம். களஞ்சியத்துக்குப் பின்னால், மரத்தடியில், வண்டிகளுக்கு நடுவே, இருவர் பிடிலை எடுத்தால் நால்வர் ஆடத் தொடங்குவார்கள். ஆடை விதி கிடையாது. கால்சட்டையும் செருப்பும் போதும். காட்சிக்காக ஆடுவது, தமக்காக ஆடுவது என்ற இரண்டும் அன்று தெளிவாகப் பிரிந்தன. போல்ஸ்கா ஆட்டத்துக்கும் சோர்ன் சின்னம் போன்ற தேர்வும் சின்னமும் வந்தபோது மீண்டும் வல்லுநர் ஆட்சி வருமோ என்று சிலர் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் தேர்வுக்குப் போகாதவரைத் தளத்தை விட்டு யாரும் இறக்கவில்லை. இன்று பெண் வழிநடத்த ஆண் சுழல்வதும், இரு பெண்களோ இரு ஆண்களோ இணைந்து ஆடுவதும் அங்கே இயல்பாகிவிட்டன. மரபு தளர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆடுகிறவர்களின் கையில் அது மீண்டும் வந்துவிட்டது என்பதற்கே இது சான்று.

பருவ விழாக்களுக்கு வருவோம். ஆண்டு முழுவதும் அவை வரிசையாக உண்டு. ஏப்ரல் 30 இரவு வசந்தத்தை வரவேற்கும் வால்போரி சொக்கப்பனை. ஈஸ்டருக்கு முன் முக்காடிட்டுக் கன்னத்தில் சிவப்புப் பூசிச் சூனியக்காரிகளாக வீடு வீடாகப் போகும் சிறுமியர். அந்த விளையாட்டுக்குப் பின்னால் 1668 முதல் 1676 வரை நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட சூனிய வழக்குகளின் கொடிய நினைவு உண்டு. ஆகஸ்டில் நன்னீர்ச் சிங்கி இறால் விருந்து. இவற்றில் இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நடுக்கோடைக் கம்பம் இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஜெர்மானிய நிலங்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான முடிவு. அங்கே அது மே மாதத்துக்குரியது. வடக்கே மே மாதத் தொடக்கத்தில் போதிய இலை துளிர்க்காது. ஆகவே ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. விழா ஜூன் 23, 24 என நிலையாக இருந்ததை 1953இல் வார இறுதிக்கு மாற்றினார்கள். இப்போது ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமைதான் விழா மாலை. ஆலைத் தொழிலாளியின் விடுமுறை வசதிக்காகப் புனித யோவானின் நாளையே நகர்த்தினார்கள், விழா குன்றவில்லை. ஊறவைத்த ஹெரிங் மீன், புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, சாராயம். பிறகு இளம் பெண்கள் பேசாமல் ஏழு வகைப் பூப்பறித்துத் தலையணைக்கடியில் வைத்து வருங்காலக் கணவனைக் கனவில் தேடுவது. லேக்சாண்டில் இருபத்தைந்து மீட்டருக்கும் உயரமான கம்பத்தை, கவட்டைக் கழிகளைக் கொடுத்து, பிடில் ஒலிக்க, ஆட்கள் கையாலேயே நிமிர்த்துகிறார்கள். கிரேன் வைத்தால் சில நிமிட வேலை. யாரும் வைப்பதில்லை.

தொடக்கத்தில் சொன்ன தவளை ஆட்டம் இங்கேதான் பொருந்துகிறது. நேஸில் கைத்தொழிற் கல்விக்காக ஓட்டோ சலோமோன் நடத்திய பள்ளி உலகப் புகழ் பெற்றது. அங்கே ஆசிரியர்களுக்கு மாலைப்பொழுதில் கற்பிக்கப்பட்ட பாட்டாட்டங்கள் நூலாகவும் வந்தன. இவற்றுக்குப் பிடில் வேண்டாம், இணையாக அணைத்து ஆடவும் வேண்டாம். கைகோத்துப் பாடிக்கொண்டே சுற்றினால் போதும். ஆட்டத்தைப் பாவம் என்றவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் 'இது ஆட்டமல்ல, விளையாட்டு' என்று சேர்ந்துகொள்ள முடிந்தது. போல்ஸ்காவைக் கற்க வேண்டும். இதற்கு வட்டத்துக்குள் நுழைந்தாலே போதும்.

டிசம்பர் 13 லூசியா நாளும் இப்படிப் பல ஊர்ச் சரக்கு. பழைய நாட்காட்டியில் அந்த இரவு ஆண்டின் நெடிய இரவாகக் கருதப்பட்டது; பேய் உலவும், விலங்குகள் பேசும் என்று குடியானவர் நம்பினார்கள். வெள்ளை உடையில், மெழுகுவர்த்தியோடு, விடியற்காலையில் உணவு கொண்டுவரும் பெண்ணின் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் வெஸ்டர்யோட்லாண்டின் செல்வர் மாளிகைகளில் காணப்படுகிறது. பெயர் சிசிலித் தீவின் புனிதையுடையது. மெட்டு நேப்பிள்ஸ் படகுப் பாட்டு. நாடு முழுதும் பரவியதற்கு 1927இல் 'ஸ்டாக்ஹோம்ஸ் தாக்ப்ளாட்' நாளிதழ் நடத்திய லூசியாப் போட்டி பெரும் தூண்டுகோல். இன்று மழலையர் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், முதியோர் இல்லம் எங்கும் குங்குமப்பூ ரொட்டியோடு லூசியா ஊர்வலம். இதற்கு ஆடைக் குழு இல்லை, சின்னம் இல்லை, தேர்வு இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் விருப்பப்படி நடத்துகிறது. நாடு முழுதும் சுமார் 2,000 ஊர் மரபுச் சங்கங்கள் இருக்கின்றன. நடுக்கோடைக் கம்பத்தை நாட்டுவதில் பெரும்பங்கு அவற்றின் தன்னார்வலர்களுடையது. ஊரார் கையில் விட்டது பிழைத்தது என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

ஊரார் என்றால் யார் என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. வடக்கே வாழும் சாமி மக்களுக்குத் தங்கள் ஆடையும் தங்கள் பாட்டும் உண்டு. அவர்களின் தேசிய நாள் பிப்ரவரி 6. நீலமும் மஞ்சளுமான உடை அவர்களை உள்ளடக்கியதாக ஒருபோதும் இருந்ததில்லை. 2010இல் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் முதன்முறை நாடாளுமன்றத்துக்குள் வந்தபோது, அவர்களில் சிலர் தொடக்க விழாவுக்கு நாட்டார் ஆடையில் வந்தார்கள். அதே ஆண்டு 'அந்நியர் வெறுப்புக்கு எதிரான நாட்டார் இசைஞர்கள்' என்ற இயக்கம் எழுந்தது. போல்ஸ்கா போலந்திலிருந்தும், கம்பம் ஜெர்மனியிலிருந்தும், தவளைப் பாட்டின் மெட்டு பிரான்ஸிலிருந்தும், லூசியா இத்தாலியிலிருந்தும் வந்தவை. அவற்றை வேலியாக நட முடியாது என்பதை அவற்றைக் கையாளும் கலைஞர்களே முன்வந்து சொன்னது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது.

கடைசியாக ஒரு கருவி. நிக்கல்ஹார்ப்பா என்பது வில்லால் இழைத்து, விரலுக்குப் பதில் மரக்கட்டைகளை அழுத்தி வாசிக்கும் நரம்புக் கருவி. கோட்லாண்ட் தீவின் தேவாலயச் சிற்பம் ஒன்றில் சுமார் 1350லேயே அதன் உருவம் காணப்படுவதாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உப்லாண்ட் மாநிலத்தின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. எரிக் சால்ஸ்ட்ரோம் (1912–1986) அதைத் திருத்தி அமைத்தார், வாசித்தார், புது மெட்டுகள் இயற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் செய்வது எப்படி என்று மாலை வகுப்புகளில் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரிலான கழகம் 1998இல் தூபோ என்ற ஊரில் தொடங்கி இசையையும் கருவி செய்வதையும் ஆட்டத்தையும் கற்பித்தது. 2023இல் யுனெஸ்கோ நிக்கல்ஹார்ப்பாவை அங்கீகரித்தபோது, மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. நல்ல பாதுகாப்பு முறைகளுக்கென உள்ள தனிப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே பதிவாகியிருப்பது கருவியல்ல, அதைச் செய்யவும் வாசிக்கவும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வரும் மக்களின் வலையமைப்பு.